குதிரை வந்தால் பேசுங்கள்: பே ஏரியா மலைப்பாதைகளுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கலிஃபோர்னியா வந்த முதல் வருடம். கூப்பர்டினோவுக்கு மேலே இருக்கும் ஃப்ரீமான்ட் ஓல்டர் மலையில் தனியாக நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "ஆன் யுவர் லெஃப்ட்!" லெஃப்ட் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், கால் தானாக இடப்பக்கம் தாவிவிட்டது. சைக்கிளில் வந்த அம்மாள் என்மேல் மோதாமல் இருக்க ஹேண்டில்பாரைத் திருப்பி, ஓரத்துப் புதரில் போய் விழுந்தார். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே பொறுமையாக விளக்கினார். "உன் இடப்பக்கமாக நான் வருகிறேன், நீ வலப்பக்கமே இரு" என்பதுதான் அதற்கு அர்த்தமாம்.

ஊரில் எனக்கு ஹாரன் தெரியும். பின்னால் ஹாரன் அடித்தால் ஓரம் போக வேண்டும், அவ்வளவுதான். இங்கே நாலடி அகல மண்பாதை ஒன்றில் நடப்பவர், ஓடுபவர், மவுண்டன் பைக்கில் வருபவர், குதிரையேறி வருபவர், நாயோடு வருபவர் எல்லோரும் போகிறார்கள், யாரிடமும் ஹாரன் கிடையாது. இருப்பது வாய் மட்டும். நம் ஆட்கள் பலர் இங்கே தடுமாறுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். தெரியாதவர் எதிரே வந்தால் பேசாமல் ஒதுங்கிப்போவது நமக்கு மரியாதை. இந்தப் பாதைகளில் பேசாமல் இருப்பதுதான் ஆபத்து. எப்போது, யாரிடம், என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கிளம்புவதிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

கிளம்பும் முன்: அந்தப் பாதை யாருக்கெல்லாம்?

சான் ஃப்ரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள இந்தப் பே ஏரியாவின் மலைகள் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. நம் பக்கத்து மலைகளில் பெரும்பகுதி, 1972-இல் தொடங்கிய மிட்பெனின்சுலா ரீஜனல் ஓபன் ஸ்பேஸ் டிஸ்ட்ரிக்டின் கையில் இருக்கிறது. சுருக்கமாக மிட்பென் என்பார்கள். அதற்குப் பக்கத்திலேயே கவுன்ட்டி பூங்கா, மாநிலப் பூங்கா, குடிநீர் வாரியத்தின் நீர்ப்பிடிப்புக் காடு என்று ஒன்றை ஒட்டி ஒன்று வரும். வேலியைத் தாண்டினால் விதி மாறும். ஒரே நிர்வாகத்துக்குள்ளேயே மலைக்கு மலையும் மாறும்.

எல்லோரும் முதலில் போகும் ரேஞ்சோ சான் அன்டோனியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மிட்பென் நிலத்துக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. சைக்கிளும் டீர் ஹாலோ பண்ணை வரைக்கும்தான், அதற்குமேல் மலையேறும் பாதைகள் நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும். ஃப்ரீமான்ட் ஓல்டரில் நாய், சைக்கிள், குதிரை மூன்றும் உண்டு. ஸ்கைலைன் சாலைமேல் செம்மரக் காட்டுக்குள் இருக்கும் எல் கோர்ட்டே டி மடேரா சைக்கிள்காரர்களின் கோட்டை. அமைதியாக நடக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வழிவிட வேண்டியிருக்கும். தவறு அவர்களுடையது இல்லை, நீங்கள் இடத்தை மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். வடக்கே கடற்கரையோரம் இருக்கும் பாயின்ட் ரேயஸில், 'வில்டர்னஸ்' (இயற்கையாகவே விட்டுவைக்கும் காடு) என்று அறிவிக்கப்பட்ட பகுதியில் சைக்கிளே கூடாது. 1964-ஆம் வருடத்துக் கூட்டாட்சிச் சட்டம் அத்தகைய இடங்களில் இயந்திர வாகனம் எதையும் விடுவதில்லை, மிதிப்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

ஆகவே காரை விட்டு இறங்கியதும் பாதைத் தொடக்கத்தில் இருக்கும் பலகையைப் படியுங்கள். நடப்பவர், சைக்கிள், குதிரை, நாய் என்று சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். குறுக்கே சிவப்புக் கோடு இருந்தால் அதற்கு அனுமதி இல்லை. பாதை பிரியும் இடங்களிலும் இந்தப் படங்கள் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒருமுறை பாருங்கள். சாதா சைக்கிளுக்கு அனுமதி உள்ள மண்பாதையில் அதற்கும் உண்டு என்று அர்த்தமில்லை. வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், மலைக்குப் பின்னால் சிக்னல் கிடைக்காது.

முக்கோணப் பலகை

பல இடங்களில் ஒரு முக்கோணப் பலகை பார்ப்பீர்கள். மூன்று மூலைகளில் குதிரை, நடப்பவர், சைக்கிள். இடையே அம்புக்குறிகள். சைக்கிள் எல்லோருக்கும் வழிவிட வேண்டும், நடப்பவரும் ஓடுபவரும் குதிரைக்கு வழிவிட வேண்டும், குதிரை யாருக்கும் விட வேண்டியதில்லை. இதை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. யாரால் சட்டென்று நிற்க முடியாதோ, யார் பயந்தால் மற்றவருக்கு அடிபடுமோ, அவருக்கு வழி. அரை டன் எடையுள்ள குதிரை பயந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

இதோடு இன்னொன்று சேரும். ஒரே மாதிரி இருவர் எதிரெதிரே வந்தால், இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். ஏறுபவருக்கு மூச்சும் தாளமும் முக்கியம், நின்றால் மறுபடி கிளம்புவது கஷ்டம். செங்குத்தான ஏற்றத்தில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சைக்கிளும் நடப்பவரும்

பலகைப்படி சைக்கிள்தான் நிற்க வேண்டும். நடைமுறையில், மூச்சிரைக்க ஏறி வரும் சைக்கிள்காரருக்கு நடப்பவர் ஓரடி ஒதுங்கிவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அது நடப்பவர் தருகிற சலுகை. சைக்கிள்காரர் அதை உரிமையாக எதிர்பார்த்து வேகத்தைக் குறைக்காமல் வந்தால், அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும்.

நடப்பவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வலப்பக்கமாக நடங்கள். இங்கே கார் ஓடும் பக்கம், அதே பழக்கம். பின்னால் குரல் கேட்டால் எந்தப் பக்கமும் தாவாதீர்கள். நேர்கோட்டிலேயே இருந்து, கையை லேசாக உயர்த்தி "கோ அஹெட்" என்று ஒரு வார்த்தை சொன்னால், தன் குரல் உங்களுக்குக் கேட்டுவிட்டது என்று வருபவருக்குத் தெரியும். ஒதுங்கப் போகிறீர்கள் என்றால் எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காதில் இரண்டு பக்கமும் இயர்போன் மாட்டிக்கொண்டு நடப்பது வேண்டாம், ஒரு காதைத் திறந்து வையுங்கள்.

சைக்கிளில் போகிறவர்களுக்கு வேலை கூடுதல். மிட்பென் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 15 மைல், அதாவது சுமார் 24 கிலோமீட்டர். யாரையாவது கடக்கும்போதும், எதிரே தெரியாத வளைவிலும் 5 மைல், கிட்டத்தட்ட வேக நடை. ரேஞ்சர்கள் ரேடாரோடு புதரோரம் நின்று டிக்கெட் கொடுப்பதும் உண்டு. ஹெல்மெட் கட்டாயம். மணி ஒன்று பொருத்திக்கொள்ளுங்கள், ஆனால் மணி மட்டும் போதாது. பக்கத்தில் வந்து பட்டென்று அடித்தால் ஆளைத் திடுக்கிட வைக்கத்தான் உதவும். முப்பது நாற்பது அடி தூரத்திலேயே அடித்து, அப்புறம் "குட் மார்னிங், ஆன் யுவர் லெஃப்ட்" என்று மனிதக் குரலில் சொல்லுங்கள். பதில் வந்த பிறகு கடந்து போங்கள். உங்கள் பின்னால் நண்பர்கள் வந்தால் "டூ மோர் பிஹைண்ட் மீ" என்று எண்ணிக்கையைச் சொல்லிவிட வேண்டும். முதல் சைக்கிள் போனதும் நடுப்பாதைக்குத் திரும்பிய நடப்பவர்மேல் இரண்டாவது சைக்கிள் வந்து மோதுவதுதான் வழக்கமான விபத்து.

இந்த இரண்டு தரப்புக்கும் நடுவே ஏன் இத்தனை முறைப்பு என்று புதிதாக வருபவர்களுக்குப் புரியாது. கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே மரின் கவுன்ட்டியில் 1970-களில் சில இளைஞர்கள் ஷ்வின் கம்பெனியின் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய மலைச்சாலைகளில் உருட்டிவிட்டார்கள். ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் சுமார் 2 மைலில் 1,300 அடி இறங்கும் ஒரு சாலை உண்டு. 1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதல் பந்தயம் வைத்தார்கள். அந்தச் சைக்கிள்களில் இருந்தது, பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் சூட்டில் அதன் கிரீஸ் புகைந்து போய்விடும், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தச் சாலைக்கு 'ரீபேக்', அதாவது மறுபடி அடைப்பது, என்று பெயர் வந்தது. உலகம் முழுக்கப் போன மவுண்டன் பைக் அந்தப் புகையில் பிறந்தது. ஆனால் அதே கவுன்ட்டியின் டமால்பயஸ் மலையில், குடிநீர் வாரியத்தின் ஒற்றையடிப் பாதைகள் பல பத்தாண்டுகள் சைக்கிளுக்கு மூடியே இருந்தன. அகலச் சாலையில் மட்டும் ஓட்டு என்றார்கள். பிறந்த வீட்டிலேயே திண்ணையோடு நிறுத்தப்பட்ட பிள்ளை மாதிரி. கூட்டம் கூட்டமாக மனுக்கள், வழக்குகள் எல்லாம் பார்த்த ஊர் அது. ஒரு பெரியவர் உங்கள் சைக்கிளைப் பார்த்துக் காரணமில்லாமல் முறைத்தால், அந்த முறைப்புக்கு உங்களைவிட வயது அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "ஹலோ" சொல்லிவிட்டு மெதுவாகக் கடந்தால் பாதி கரைந்துவிடும்.

குதிரை

இதில்தான் நமக்கு அனுபவமே இல்லை. மெரினா கடற்கரையிலும் ஊட்டி, கொடைக்கானல் ஏரிக்கரையிலும் பார்த்த குதிரை வேறு. அது கூட்டத்துக்கும் இரைச்சலுக்கும் பழகியது. இங்கே மலைப்பாதையில் வருவது ஒருவர் லாயத்தில் வைத்து வளர்க்கும் குதிரை. பழக்கப்பட்ட குதிரையும் காற்றில் பறக்கிற ஒரு பிளாஸ்டிக் பைக்கு மிரளும்.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. சுற்றிலும் நிறையத் தெரியும், ஆனால் நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் தெரியாது. அது பிற விலங்குக்கு இரையாகப் பழகிய பிராணி. சந்தேகம் வந்தால் முதலில் ஓடும், அப்புறம்தான் யோசிக்கும். முதுகில் பெரிய பை மாட்டி, தொப்பி போட்டு, கையில் இரண்டு குச்சியோடு மரத்துக்குப் பின்னால் அசையாமல் நிற்கிற உருவம் அதன் கண்ணுக்கு மனிதனே இல்லை. பதுங்கி நிற்கும் ஏதோ ஒன்று. மரியாதைக்காக நாம் மரத்தடியில் ஒதுங்கி வாயை மூடி நிற்கிறோமே, அதைவிடக் குதிரையை மிரட்டும் காரியம் வேறில்லை. பேசினால் மட்டுமே அதற்கு "ஓ, இது மனிதன்" என்று தெரியும்.

எதிரே குதிரை வருவதைப் பார்த்தால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். சைக்கிளில் இருந்தால் இறங்குங்கள். சாதாரணக் குரலில் மேலிருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள்: "ஹலோ, நான் எங்கே நிற்கட்டும்?" அவர் சொல்வதே வேதம். ஒன்றும் சொல்லாவிட்டால் பாதையின் பள்ளப் பக்கமாக இறங்கி, குதிரைக்கு உங்கள் உருவம் முழுதாகத் தெரியும்படி நில்லுங்கள். மேட்டுப் பக்கம் ஏறி நின்றால் உங்கள் தலை குதிரையின் கண்ணுக்கு மேலே போய்விடும். மேலிருந்து பாய்வது மலைச் சிங்கம் என்கிற பூமாவின் வழக்கம், குதிரைக்கு அந்தப் பயம் ரத்தத்திலேயே இருக்கிறது. அதோடு, மிரண்டால் அது உங்களை விட்டு விலகித்தான் ஓடும். நீங்கள் கீழே நின்றால் மேட்டில் ஏறும், நீங்கள் மேலே நின்றால் ஏறியிருப்பவரோடு பள்ளத்தில் இறங்கும். பள்ளம் செங்குத்தாக இருந்து நிற்கவே முடியாதென்றால் அதையும் சொல்லுங்கள். குதிரைமேல் இருப்பவர் அதை அகலமான இடத்தில் நிறுத்தி உங்களை முதலில் போகச் சொல்வார்.

நிற்கும்போது நடைக்குச்சியைத் தாழ்த்திப் பிடியுங்கள். குடையை அப்போது விரிக்கவோ மடக்கவோ வேண்டாம். வெயிலுக்குக் குடை கொண்டுபோகும் நம் அம்மாக்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், "படக்" என்று விரிகிற குடையைப் போல் குதிரைக்குப் பிடிக்காத பொருள் இல்லை. குழந்தையைக் கைப்பிடியில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் குதிரையைத் தொடவோ, கேரட் நீட்டவோ கூடாது. கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள், என் மகள் அப்படித்தான் ஒரு பழுப்புக் குதிரையின் மூக்கைத் தடவிவிட்டு வாரம் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

குதிரைக்குப் பின்னால் நீங்கள் போகும்படி ஆனால் இன்னும் கவனம். பின்னால் வருவது அதற்குத் தெரியாது, உதைக்கும் தூரத்துக்குள் போகாதீர்கள். நன்றாகத் தள்ளி நின்று குரல் கொடுத்து, கடக்கலாமா என்று கேளுங்கள். அனுமதி கிடைத்ததும் நடந்து கடந்துபோங்கள். ஓடுபவர்களும் நடக்க வேண்டும். சைக்கிள்காரர் கடந்து முடித்ததும் உடனே ஏறி மிதித்துச் சரளையைத் தெறிக்கவிடாமல், கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய்விட்டு ஏறுங்கள்.

பாதையில் குதிரைச் சாணம் கிடப்பதைப் பற்றிப் புகார் சொல்பவர்கள் உண்டு. நாயின் கழிவைப் பையில் அள்ள வேண்டும், குதிரைக்காரர் மட்டும் அள்ளுவதில்லையே என்று. வெறும் புல்தானே, வெயிலில் காய்ந்து உதிர்ந்துவிடும். மாட்டுச் சாணம் மிதித்து வளர்ந்த நமக்கு இதில் என்ன கஷ்டம்.

எங்கே ஒதுங்குவது

வழிவிடுங்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். ஒதுங்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை.

இங்கே பாதையோரம் முழுக்க பாய்ஸன் ஓக் என்ற செடி உண்டு. மூன்று மூன்றாக இலை, வசந்தத்தில் பளபளப்பான பச்சை, கோடையில் அழகான சிவப்பு. அந்த அழகைப் பார்த்துப் பறிக்கிற புதியவர்கள் உண்டு. ஊரில் சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்குமே, அதே குடும்பத்துச் செடி இது. மா, முந்திரிக்கும் சொந்தம்தான். அதன் எண்ணெய் பட்டால் ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் கொப்புளமும் கிளம்பும், இரண்டு மூன்று வாரம் தூக்கம் கெடும். குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும்போதும் எண்ணெய் இருக்கும். நாயின் ரோமத்திலும் சைக்கிள் கைப்பிடியிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும்.

உயரமான புல்லுக்குள் உண்ணி இருக்கும். வெயில் நாளில் கல்லுக்குப் பக்கத்தில் கிலுகிலுப்பைப் பாம்பு படுத்திருக்கலாம். அதனால் கண்ணை மூடிக்கொண்டு புதருக்குள் தாவாதீர்கள். நடக்கும்போதே பாதை எங்கே அகலமாகிறது, எங்கே வெறும் மண் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே போனால், ஆள் வரும்போது நாலடி முன்னாலோ பின்னாலோ போய் அங்கே நிற்கலாம். நல்ல இடம் இல்லையென்றால் பாதையின் விளிம்பிலேயே ஒருக்களித்து நில்லுங்கள், வருபவர் மெதுவாகத் தாண்டிப் போகட்டும்.

கூட்டமாகப் போனால்

நம் ஆட்கள் தனியாகப் போவது குறைவு. நான்கு குடும்பம், இரண்டு ஸ்ட்ரோலர், புளியோதரை, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா. ரொம்ப நல்ல விஷயம். ஆனால் பேச்சு சுவாரஸ்யத்தில் ஆறு பேர் தோளோடு தோளாகப் பாதையை அடைத்துக்கொண்டு நடப்பதை நானே செய்திருக்கிறேன். அகலச் சாலையில் இரண்டு பேராகவும், ஒற்றையடிப் பாதையில் வரிசையாகவும் போங்கள். கடைசியில் நடப்பவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள், சைக்கிள் வந்தால் முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி கத்துவது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். எல்லோரும் ஒரே பக்கமாக ஒதுங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பாதிப்பேர் இந்தப் பக்கம், பாதிப்பேர் அந்தப் பக்கம் என்று பிரிந்து நின்றால், நடுவில் அம்மாவைத் தேடி ஒரு குழந்தை குறுக்கே ஓடும்.

ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம். பாட்டு எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் சரி. அது போடுகிற சத்தத்தில் பின்னால் வருபவரின் குரல் உங்களுக்குக் கேட்காது.

நாய் என்றால் ஆறடிக் கயிறு. நீண்டு சுருங்கும் கயிற்றை நீட்டிவிட்டு, நாய் ஒரு பக்கம், ஆள் மறுபக்கம் நின்றால் சைக்கிள்காரருக்கு அது கழுத்தளவு கண்ணி. குதிரை வந்தால் நாயைச் சுருக்கிப் பிடித்து உட்கார வையுங்கள்.

மழைக்குப் பிறகு

நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை. ஈர மண்ணில் டயர் போட்ட பள்ளமும் குளம்பு போட்ட குழியும் வெயிலில் காய்ந்து கல்லாகிவிடும், கோடை முழுக்க அதில் கால் பிசகும். அதனால் மழைக்குப் பிறகு சைக்கிளுக்கும் குதிரைக்கும் சில பாதைகளை மூடிவிடுவார்கள், கதவில் அறிவிப்பு இருக்கும். நடப்பவருக்குத் திறந்திருந்தாலும், செருப்படியில் மண் அடையடையாக ஒட்டுகிறதென்றால் திரும்பிவிடுவது நல்லது. சேற்றுக் குட்டையைச் சுற்றிப் போகாமல் நடுவிலேயே போங்கள். ஆளாளுக்குச் சுற்றிப் போனால் நாலடிப் பாதை பத்தடி ஆகிவிடும். கொண்டை ஊசி வளைவில் குறுக்கு வழி வெட்டுவதும் அப்படித்தான், அடுத்த மழையில் தண்ணீர் அந்த வழியாகவே ஓடி மலையை அறுக்கும்.

முதல் முறை

ஃப்ரீமான்ட் ஓல்டரையே சொல்வேன், என் அவமானம் நடந்த இடமாக இருந்தாலும். எல்லா வகை ஆட்களையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். ப்ராஸ்பெக்ட் ரோடு போய் முடியும் இடத்தில், கோல்ஃப் மைதானத்தை ஒட்டிச் சின்ன வண்டி நிறுத்தம். தொடக்கத்தில் கோரா ஓல்டர் என்ற ஒற்றையடிப் பாதை. இந்த மலையின் பெயருக்குரிய பத்திரிகை ஆசிரியரின் மனைவி அவர். அதில் வளைவுகள் உண்டு, குரல் கொடுத்துப் பழக நல்ல இடம். அப்புறம் பாதை அகலமாகி ஹன்ட்டர்ஸ் பாயின்ட் முனைக்கு ஏறும், அங்கிருந்து சான்டா கிளாரா பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். போய்வர சுமார் 3 மைல்.

சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிருந்து, அஸ்தமித்து அரை மணி வரை திறந்திருக்கும். கட்டணம் இல்லை. சனி ஞாயிறு என்றால் சீக்கிரம் போங்கள், தாமதமானால் இடம் கிடைக்காமல் திரும்ப வேண்டிவரும். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், வெயிலில் நிழல் குறைவு. வீடு திரும்பியதும் உடைகளைக் கழற்றி நேரே வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு, கை காலைச் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். சோபாவில் உட்காருவது அதற்கப்புறம்.